வினைக்குப் பின்னால் நிற்கும் சிறுசொல்

ஆங்கிலக் கேட்டல் பயிற்சிக்கான ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு என் மாணவியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் நாள் இரவிலிருந்து இரண்டு முறை 'த்ரூ அப்' ஆனதாக நோயாளி சொல்லும் இடத்தில், 'இரண்டு தடவை எதையோ மேலே எறிந்திருக்கிறார்' என்று தமிழில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தாள். பாலக்காட்டில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த செவிலி அவள். வாந்தி எடுக்கிறவரை எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும், வாந்தியின் நிறத்தில் எதைக் கண்டால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை. 'வாமிட்டிங்', 'நாசியா' என்ற சொற்களை நோயாளிகளின் குறிப்பேட்டில் அவள் எழுதாத நாளே இருந்திருக்காது. அப்படிப்பட்டவளுக்கு ஒரு நோயாளி தன் வாயால் வாந்தி என்று சொன்னது புரியவில்லை.

"வாமிட்னு சொல்லியிருந்தா எழுதியிருப்பனுங்க டீச்சர். நோவுல படுத்திருக்கிறவங்க எதுக்குங்க இப்படிச் சுத்தி வளைச்சுப் பேசறாங்க?" என்று கேட்டாள்.

அவர்களுக்கு அது சுற்றி வளைத்த பேச்சே இல்லை என்பதுதான் அவளுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியிருந்த பதில். 'வாமிட்' என்பது மருத்துவர் வாய்ச்சொல். 'த்ரூ அப்' வீட்டுச்சொல். நம் ஊரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிற பெரியவர் 'குமட்டல் அறிகுறி காணப்படுகிறது' என்று சொல்வாரா? 'வவுத்தப் பெரட்டுதுங்க' என்றுதான் சொல்வார். ஆங்கிலத்தில் அந்த வயிற்றைப் பிரட்டுகிற மொழி, பெரும்பாலும் ஒரு சின்ன வினையும் அதன் பின்னால் ஒட்டி நிற்கும் 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'டவுன்' போன்ற ஒரு சிறுசொல்லும் சேர்ந்துதான் ஆகியிருக்கிறது. நாம் பள்ளியிலும் கல்லூரியிலும் பதினைந்து ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் அந்த மொழியை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டோம் என்பதே என்னுடைய மனக்குறை. அதைப் படிப்பதற்குத் தேவையான கருவி நம் தமிழுக்குள்ளேயே இருந்தும் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய குறை.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த எல்லை ஊர் இது. வேலந்தாவளம் தாண்டினால் கோவை மாவட்டம். கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம். வீட்டிலும் கடையிலும் கொங்குத் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்துப் படிவத்தில் மலையாளம், பள்ளியில் தமிழ்வழி வகுப்பு ஒரு பக்கமும் மலையாளவழி வகுப்பு மறுபக்கமும் என்று வளர்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவதாக வந்து சேர்கிறது. செவிலியர் படிப்பை முடித்த பெண்கள் வெளிநாட்டு வேலைக்காக எழுதும் ஓஇடி என்னும், மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி கேட்டு என் வீட்டு மாடிக்கு வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இந்தத் தேர்வை 2017ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டனின் செவிலியர் ஒழுங்குமுறை மன்றமும் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு இந்தப் பக்கத்தில் இதைக் கேள்விப்படாத வீடு குறைவு. கேட்டல் பகுதியின் தொடக்கத்திலேயே மருத்துவப் பணியாளரும் நோயாளியும் பேசிக்கொள்வதைக் கேட்டுக் குறிப்பு எடுக்க வேண்டும். நம் பெண்கள் சறுக்குவது அங்கேதான். நோயின் பெயரைத் தவறவிட மாட்டார்கள். நோயாளியின் பேச்சைத் தவறவிடுவார்கள்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் வேறு எதுவும் நடத்தவில்லை. மயங்கி விழுந்தால் 'பாஸ் அவுட்', மயக்கம் தெளிந்தால் 'கம் ரவுண்ட்', சளியை வெளியே கொண்டுவந்தால் 'பிரிங் அப்', கால் வீங்கினால் 'ஸ்வெல் அப்', உடம்பெல்லாம் தடித்துத் தடித்து எழும்பினால் 'கம் அவுட் இன் எ ராஷ்', வலி மாத்திரையின் வீரியம் மெல்ல இறங்கினால் 'வேர் ஆஃப்', அடங்கியிருந்த நோய் மறுபடி கிளம்பினால் 'ஃப்ளேர் அப்', பிழைத்து எழுந்தால் 'புல் த்ரூ', உயிர் பிரிந்தால் 'பாஸ் அவே'. பலகையில் இவற்றை எழுதி முடித்தபோது, நோயுற்ற உடம்பின் கதை முழுவதையும் ஒரு பாமர ஆங்கிலேயர் பள்ளிப் பாடநூலில் வருகிற கனமான வினை ஒன்றைக்கூடத் தொடாமல் சொல்லிவிட முடியும் என்பது எங்கள் எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்தது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்த புதிதில், கோவையில் ஒரு தனியார் பள்ளியில் நேர்காணலுக்குப் போயிருந்தேன். மகப்பேற்று விடுப்பில் போகிற ஆசிரியை ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தலைமையாசிரியர், என் பக்கம் திரும்பி, 'கேன் யூ ஃபில் இன் ஃபார் ஹெர் டில் மார்ச்?' என்று கேட்டார். 'ஃபில் இன்' என்றால் படிவத்தை நிரப்புவது என்று மட்டுமே எனக்குத் தெரியும். படிவத்தைக் கொடுங்கள், நிரப்பித் தருகிறேன் என்று தெளிவான ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவரை ஒரு முறை பார்த்தார்; பிறகு தகவல் சொல்லி அனுப்புவதாகக் கூறினார். ஒருவர் இல்லாத இடத்தில் நின்று அவர் வேலையைப் பார்ப்பதற்கும் 'ஃபில் இன் ஃபார்' என்றுதான் பெயர் என்பதைப் பொள்ளாச்சி வழியாக ஊர் திரும்பி, வீட்டில் அகராதியைப் புரட்டியபோது அறிந்தேன். ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதத் தெரிந்த எனக்கு, ஒரு வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள் என்பது தெரியாமல் போனது இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது.

இந்தச் சேர்க்கைகள் அயலாருக்கு இடறல் கல் என்பதை ஆங்கிலேயர்கள் அறியாதவர்கள் அல்லர். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே, வினையின் பின்னால் ஒரு சிறுசொல்லை வைத்து அதன் பொருளை மாற்றும் வழக்கம் தங்கள் மொழியில் மிகுதி என்றும், வெளிநாட்டாருக்குப் பெரும் தொல்லை தருவது இதுதான் என்றும் எழுதிவைத்தார். இவற்றுக்கு இப்போது வழங்கும் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரைப் பரப்பியது லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் வெளியிட்ட நூல். அந்தப் பெயரைத் தமக்குத் தந்தவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே அதில் சொல்கிறார். பெயர் வந்து நூறு ஆண்டுதான் ஆகிறது. வழக்கமோ மிகப் பழையது. இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் 12ஆம் நூற்றாண்டு வரை எழுதிவந்த காலக்குறிப்பில், உள்நாட்டுப் போரின்போது சிலர் தங்கள் கோட்டைகளைக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு வரி வருகிறது. அந்த இடத்தில் இருப்பது நாம் இன்றைக்குச் சொல்லும் 'கிவ் அப்' என்பதன் பழைய வடிவமே.

அதற்கும் முன்னால், பழைய ஆங்கிலத்தில், இத்தகைய சிறுசொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னாலேயே ஒட்டியிருந்தன. 'அண்டர்ஸ்டாண்ட்', 'ஓவர்கம்', 'வித்ஸ்டாண்ட்' போன்றவை அந்தக் காலத்து மிச்சம். ஜெர்மன் மொழியில் இன்றும் 'கொடு' என்னும் வினைக்கு முன்னால் 'மேல்' என்னும் சொல்லை ஒட்டித்தான் 'கிவ் அப்' என்னும் பொருளைச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் காலப்போக்கில் முன்னொட்டுகள் தேய்ந்தன. சிறுசொல் வினைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவைக்கும் வழக்குமன்றத்துக்கும் பிரெஞ்சு வினைகளும், கல்விக்கு இலத்தீன் வினைகளும் வந்து குவிந்தன. 'போஸ்ட்போன்' ஏட்டில் ஏறியது. 'புட் ஆஃப்' அடுப்படியில் தங்கியது. 'டாலரேட்' என்று எழுதினார்கள். 'புட் அப் வித்' என்று பேசினார்கள். நமக்கும் இது புதிய அனுபவம் அன்று. 'வழக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதுகிற கைதான், வீட்டில் 'கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுட்டாங்க' என்று சொல்கிறது. நம் பள்ளிகள் ஆங்கிலத்தின் ஒத்திவைப்பை மட்டும் கற்பித்து, தள்ளிப்போடுவதைக் கற்பிக்காமல் அனுப்பிவைத்தன.

தள்ளிப்போடு என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் என் வகுப்பின் திருப்பம் அதில்தான் இருக்கிறது. 'புட் ஆஃப்' என்பதைப் பார்த்து, வை என்பதற்கும் அகல என்பதற்கும் ஒத்திப்போடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற பெண், தள்ளு, போடு என்ற இரண்டு சொற்களுக்கும் நாட்காட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தாய்மொழியில் அது கண்ணுக்குத் தெரியாது. கண்டுபிடி என்கிறோம்; யாரும் எதையும் பிடிப்பதில்லை. விட்டுக்கொடு என்கிறோம், அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்தான் என்றால் அங்கே விடுதலும் கொடுத்தலும் கையால் நடந்தவை அல்ல. போட்டுக்கொடு என்றால் ஒருவரைக் காட்டிக்கொடுப்பது என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். பார்த்துக்கொள் என்றால் கண்ணால் காண்பது மட்டும் அன்று, 'லுக் ஆஃப்டர்'. அங்கேயும் அடியில் இருப்பது பார்க்கும் வினையே.

இதைவிட நெருக்கமான உறவும் உண்டு. ஆங்கிலத்தில் திசையைக் காட்டும் சொற்களான மேல், உள், முன், பின், வெளி, எதிர் ஆகியவற்றைத் தமிழும் வினையோடு ஒட்டுகிறது, வினைக்கு முன்னால். முன்வை என்பதைப் பிரித்தால் 'புட் ஃபார்வர்ட்'. வெளிக்கொண்டுவா என்றால் 'பிரிங் அவுட்'. உட்கொள் என்பது 'டேக் இன்'. மேற்கொள் என்பது மேல், கொள் என்ற இரண்டும் சேர்ந்தது; பொறுப்பை ஏற்பதற்கு ஆங்கிலத்தில் வரும் 'டேக் ஆன்' அப்படியே அதன் எதிரொலி போல ஒலிக்கிறது. பின்வாங்கு என்பதன் பக்கத்தில் 'புல் பேக்' என்று எழுதிக் காட்டினால் விளக்கமே வேண்டியதில்லை. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது எதிர்நோக்கு. எதிரே நோக்குவது, 'லுக் ஃபார்வர்ட்'. ஒரு மொழியிலிருந்து மற்றது கடன் வாங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வருகிற நாளை முன்னால் இருக்கும் பாதையாகவும் அதற்காகக் காத்திருப்பதை அந்தப் பாதையின் மேல் வைத்த பார்வையாகவும் இரண்டு மக்களும் தனித்தனியே கண்டிருக்கிறார்கள்.

இடைச்சொல்லைப் பற்றித் தொல்காப்பியம் சொல்கிற இலக்கணம் ஒன்றையும் இந்த இடத்தில் மாணவிகளுக்குச் சொல்வேன். இடைச்சொல் பெயரோடும் நடக்கும், வினையோடும் நடக்கும், ஆனால் தானாக நடக்கும் இயல்பு அதற்கு இல்லை என்பது அந்த நூற்பாவின் கருத்து. அது தமிழ் இடைச்சொல்லுக்குச் சொன்னது, ஆங்கிலத்துக்குச் சொன்னதன்று. ஆனாலும் 'அப்' என்ற சொல்லின் இரட்டை நடையை விளக்க இதைவிடத் தெளிவான வாசகம் எனக்குக் கிடைக்கவில்லை. 'அவன் மலைமேல் ஓடினான்' என்பதற்கு 'ஹி ரான் அப் தி ஹில்' என்பார்கள். 'கடன் கணக்கை ஏற்றிவிட்டான்' என்பதற்கு 'ஹி ரான் அப் தி பில்' என்பார்கள். ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. முதல் வாக்கியத்தில் 'அப்' மலையோடு, அதாவது பெயரோடு நடக்கிறது. இரண்டாவதில் அது ஓடு என்ற வினையோடு நடந்து அதன் பொருளையே மாற்றிவிட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது? சிறுசொல்லை நகர்த்திப் பாருங்கள். 'ரான் தி பில் அப்' என்று கடைசிக்குத் தள்ளலாம். 'ரான் தி ஹில் அப்' என்று தள்ள முடியாது. பெயரோடு நடப்பது பெயரை விட்டு நகராது. வினையோடு நடப்பதற்குச் செயப்படுபொருளைத் தாண்டிப் போய் நிற்கும் உரிமை உண்டு.

அந்த உரிமை சில இடத்தில் கடமையாகவே ஆகிவிடும். 'டர்ன் ஆஃப் தி டேப்', 'டர்ன் தி டேப் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் குழாயைச் சுட்ட 'இட்' என்று வந்துவிட்டால் 'டர்ன் இட் ஆஃப்' என்று மட்டுமே சொல்ல வேண்டும். 'டர்ன் ஆஃப் இட்' என்று சொன்னால் ஆங்கிலம் தெரிந்த காதுக்கு அது உடனே இடறும். சுட்டுப்பெயர் எடை இல்லாதது, அது வாக்கியத்தின் கடைசி இடத்தைத் தாங்காது. அழுத்தம் விழுகிற 'ஆஃப்' தாங்கும். செயப்படுபொருள் நீளமாக இருந்தால் நேர்மாறாக, சிறுசொல்லை வினையின் பக்கத்திலேயே சொல்லி முடித்துவிட்டு, நீண்டதைப் பின்னால் வைப்பார்கள். 'லுக் ஆஃப்டர்' போன்றவற்றில் இந்த நகர்வே கிடையாது: 'லுக் ஆஃப்டர் ஹெர்' தான், 'லுக் ஹெர் ஆஃப்டர்' இல்லை. இதை விதியாகச் சொன்னால் மறந்துபோகும். ஆகவே வாயால் இருபது முறை சொல்லவைக்கிறேன்: 'டேக் இட் ஆஃப், புட் இட் ஆன், பிக் இட் அப், ரைட் இட் டவுன்'. நாக்கு பழகிவிட்டால் இலக்கணம் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தச் சிறுசொற்களில் 'அப்' என்பதே மாணவிகளை அதிகம் அலைக்கழிப்பது. மேலே போவது எதுவும் இல்லாத இடத்தில் எல்லாம் அது வந்து நிற்கிறது. 'ஈட் இட்' என்றால் சாப்பிடு. 'ஈட் இட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்துவிடு. 'யூஸ்' என்றால் பயன்படுத்து, 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு. 'டியர் அப்' என்றால் சுக்குநூறாகக் கிழித்துப் போடு. 'மேல்' என்பதை மறந்துவிட்டு, நம் 'விடு' என்ற துணைவினையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள் என்பேன். குடித்தான், குடித்துவிட்டான், கிழித்தாள், கிழித்துவிட்டாள். விடு என்பதற்கு அங்கே விடுதல் என்ற பொருளே இல்லை. செயல் முற்றுப்பெற்றது என்ற முத்திரை மட்டும்தான் இருக்கிறது. மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கு இதே இடத்தில் 'பறஞ்ஞுகளஞ்ஞு' என்பதை நினைவுபடுத்துவேன். சொல்லிக் களைந்துவிட்டான் என்று நாம் சொல்லைப் பிரித்தாலும் அவர்கள் காதில் விழுவது சொல்லியே விட்டான் என்பதுதான். 'ஆன்' என்பது பல இடங்களில் தொடர்ச்சி: 'ரீட் ஆன்' என்றால் மேலே படி. இங்கே பாருங்கள், நாமும் 'மேலே சொல்லு' என்கிறோம். நாற்காலியின் மேல் ஏறி நின்று சொல்லச் சொல்வதில்லை. 'டவுன்' என்பது 'ரைட் டவுன்' என்று வரும்போது நம் எழுதிவை என்பதில் உள்ள வை. பேச்சு காற்றில் போகும். எழுத்து ஓரிடத்தில் இறங்கித் தங்கும். அந்தத் தங்குதலை அவர்கள் கீழே என்றார்கள், நாம் வை என்றோம்.

எல்லாவற்றுக்கும் இப்படிச் சாவி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 'ஆஃப்' என்றால் விலகல் என்று சொல்லிக் கொடுத்து, 'வேர் ஆஃப்', 'கட் ஆஃப்', 'டேக் ஆஃப்' எல்லாம் அதற்குள் அடங்கிவிட்ட மகிழ்ச்சியில் இருக்கும்போது, 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்று ஒன்று வரும். விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் அணைந்தது. கடிகார மணி 'கோ ஆஃப்' ஆனால் அடித்தது. வீடு எரிந்தால் 'பர்ன் டவுன்', காகிதம் எரிந்தால் 'பர்ன் அப்'. படிவத்தை நிரப்பினால் 'ஃபில் இன்' என்றும் சொல்லலாம், 'ஃபில் அவுட்' என்றும் சொல்லலாம். 'புட் அப் வித்' என்பதை எந்தப் படமும் போட்டு விளக்க என்னால் இதுவரை முடியவில்லை. சகித்துக்கொள்வது என்று சொல்லி, அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறேன். பாதி வழிக்காவது படம் உதவுகிறது என்பதே என் அனுபவம். 'மிக முக்கியமான முந்நூறு' என்று அட்டையில் போட்டு விற்கிற பட்டியல் புத்தகங்கள் அந்தப் பாதி வழிக்கும் உதவியதை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் நேரே ஓர் இலத்தீன் வினையை எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வதால், 'புட் அவுட்' கேட்டவுடன் தீயணைப்பது கண்ணில் தோன்றாமல் 'எக்ஸ்டிங்விஷ்' என்ற எழுத்துக்கூட்டல் தோன்றும்; அதற்குள் எதிரே இருப்பவர் மூன்று வாக்கியம் தாண்டிப் போயிருப்பார்.

நம் தெருவுக்குள் இந்தச் சேர்க்கைகள் எப்படி வந்து குடியேறின என்று பார்த்தாலும் வியப்பாக இருக்கிறது. 'ஸ்விட்ச் ஆன்', 'ஸ்விட்ச் ஆஃப்' என்ற இரண்டையும் வாங்கிய நாம், வினையைக் கழற்றிவிட்டுச் சிறுசொல்லை மட்டும் வைத்துக்கொண்டோம். தென்னந்தோப்பில் 'மோட்டாரை ஆஃப் பண்ணு' என்று என் அப்பா சொல்வார். தோப்பை ஒட்டிய மலையாள வீட்டில் 'ஓஃபாக்கு' என்பார்கள். பண்ணு, ஆக்கு என்று வினையை நாங்கள் எங்கள் கையிலிருந்து போட்டுக்கொண்டோம். இரண்டு சொற்களில் எது பொருளைச் சுமக்கிறது என்பதை இலக்கணம் படிக்காத எங்கள் ஊர் சரியாகவே தேர்ந்திருக்கிறது. சேர்க்கை முழுதாக வந்த இடங்களில் அது பெயர்ச்சொல்லாக வந்திருக்கிறது: மேக்கப், கெட்டப், பில்டப், லாக்கப், கட்அவுட், பிரேக்டவுன், பிக்கப். ஆங்கிலத்தில் வினையாக இருந்தால் அழுத்தம் சிறுசொல்லின் மேல் விழும், பெயராகிவிட்டால் பெரும்பாலும் முன்னால் உள்ள வினைக்கு வந்துவிடும். 'தி பஸ் ப்ரோக் டவுன்' என்பதில் 'டவுன்' ஓங்கி ஒலிக்கும்; 'பிரேக்டவுன்' என்ற பெயரில் 'பிரேக்' ஓங்கும். தமிழில் அப்படி ஓர் அசையை ஓங்கிச் சொல்லும் வழக்கம் இல்லாததால் இரண்டையும் ஒரே தட்டில் சொல்லிவிடுகிறோம். கேட்டல் தேர்வில் இது இடைஞ்சல் என்பதால், பலகையில் அழுத்தம் விழுகிற இடத்துக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிறேன்.

நம் ஆங்கிலத்தில் சிறுசொல் தேவையில்லாத இடத்தில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. 'டிஸ்கஸ் அபௌட்', 'ரிட்டர்ன் பேக்', 'கோப் அப் வித்' என்று எழுதுகிறோம். அதைப் பற்றிப் பேசினோம், திரும்பி வந்தான் என்ற தமிழ் அமைப்பு உள்ளே இருந்து வேலை செய்வதால் முதல் இரண்டும், 'கேட்ச் அப் வித்' போன்றவற்றின் சாயலால் மூன்றாவதும் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவற்றைக் கேட்டுக் கோபப்படுகிற ஆசிரியர்கள் கூட்டத்தில் நான் இல்லை. புரிந்துகொள்வதற்கு அவை தடையாக நிற்பதில்லை. 'பாஸ் அவுட்' விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். இந்தியாவில் அது படிப்பு முடித்து வெளியே வருவது. பிரிட்டனில் மயங்கி விழுவது. 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்று ஒரு செவிலி வேலை நேர்காணலில் சொன்னால் கேட்பவர் புருவத்தை உயர்த்துவார், அவ்வளவுதான். ஒரு முதியவர் 'ஐ பாஸ்ட் அவுட் திஸ் மார்னிங்' என்று சொல்வதை அந்தச் செவிலி மயக்கமாக எடுத்துக்கொள்ளாவிட்டால் அது அவருடைய உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

எதிர்நோக்கு பற்றி இன்னும் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. விண்ணப்பக் கடிதங்களின் கடைசி வரியில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர்' என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். 'ஹியரிங்' என்று இருக்க வேண்டும். 'டு' என்றால் அடுத்து வினையின் வெறும் வடிவம்தான் வர வேண்டும் என்று பள்ளியில் ஆணியடித்துச் சொல்லியிருப்பதால் வருகிற பிழை அது. இந்த 'டு' அந்த 'டு' இல்லை. இது பெயரோடு நடக்கிற இடைச்சொல். 'உங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்' என்பதில் உள்ள ஐ உருபின் இடத்தில் அது நிற்கிறது. பதில் என்ற பெயரை அங்கே வைக்க முடிகிறது அல்லவா? ஆகவே வினையை வைத்தாலும் பெயராக்கித்தான் வைக்க வேண்டும்: எதிர்நோக்குவது கேட்பதை. இப்படித் தமிழ் வழியாக விளக்கிய பிறகு அந்தப் பிழையைத் திரும்பச் செய்தவர்கள் என் வகுப்பில் அநேகமாக இல்லை.

'த்ரூ அப்' என்பதை மேலே எறிந்ததாக எழுதிய பெண் இரண்டாம் முறை தேர்வில் தேறி, இப்போது இங்கிலாந்தின் வடக்கே ஒரு மருத்துவமனையில் முதியோர் பிரிவில் வேலை பார்க்கிறாள். சென்ற மாதம் இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தாள். தொண்ணூறு வயதை நெருங்கிய ஒரு பாட்டி, தட்டைக் கையாலேயே தள்ளி வைத்துவிட்டு, 'ஐ ஹாவ் கான் ஆஃப் மை ஃபுட், லவ்' என்றாராம். அந்தச் சேர்க்கையை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

"எங்க அம்மாச்சி கடைசிக் காலத்துல சோத்தைத் தொடாம உக்காந்திருக்குமுங்க டீச்சர். 'சோத்து மேல ஆசையே விட்டுப்போச்சு சாமி'ன்னு சொல்லும். 'கான்' போச்சு, 'ஆஃப்' விட்டு. இந்தப் பாட்டி சொன்னதும் எனக்கு அம்மாச்சி சொன்ன மாதிரியே கேட்டுச்சுங்க. அப்புறம் கொஞ்சமா சூப்பைச் சூடு பண்ணி, ஸ்பூன்ல நானே ஊட்டிவிட்டேன். பாதிக் கிண்ணம் குடிச்சாங்க."